தங்கவயலும் சர்வதேசப் பள்ளியும்

பெருநகரங்களில் குழந்தைகளுக்கென ஒரு தொடக்கப் பள்ளி திறக்கப்படும்போது, அதன் பெயர்ப்பலகையில் ‘இன்டர்நேஷனல்’ என்னும் சொல் இடம்பெறுவது இன்று ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் இத்தகைய பள்ளிகள் பல உள்ளன. இவற்றுள் சில மெய்யாகவே பன்னாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. வேறு பல, மாநில வாரியத்தின் பாடத்தையோ மத்திய வாரியத்தின் பாடத்தையோதான் நடத்துகின்றன. பெயர் மட்டுமே சர்வதேசம். ஆயினும் அந்தப் பெயருக்காகவே பெற்றோர் கூடுதலான கட்டணம் செலுத்த முன்வருகின்றனர். மூன்று வயதுக் குழந்தைக்குச் ‘சர்வதேசக் கல்வி’ என்றால் என்ன? அதை யார் பெற வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண, பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலின் வரலாறு பெரிதும் துணை புரியும்.

நிலத்தின் கீழ் ஒரு நகரம்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீப், ஊர்காம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களைச் சுற்றி ஒரு நகரமே எழுந்தது. 1894-இல் மாரிக்குப்பம் வரை இரயில் பாதை வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது; பெங்களூர் நகரத் தெருக்களில் மின் விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

நிர்வாகத்தில் ஆங்கிலேயரும், மேற்பார்வைப் பணிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். பாறையை உடைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள். அவர்களில் பலர் சொந்த ஊரில் தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளானவர்கள். தெலுங்கு பேசுவோரும், கன்னடம் பேசுவோரும், உருது பேசுவோரும் அவர்களுடன் வாழ்ந்தனர். பல நாட்டாரும் பல மொழியினரும் கூடிய ஊர் என்னும் பொருளில், ‘சர்வதேசம்’ என்ற சொல்லுக்குத் தங்கவயல் அன்றே முழுத் தகுதி பெற்றிருந்தது.

இரண்டு குழந்தைகள், இரண்டு கதவுகள்

1901-ஆம் ஆண்டில் சுரங்க நிறுவனம், தன்னிடம் பணியாற்றிய பிரிட்டிஷ், ஐரோப்பிய அலுவலர்களின் குழந்தைகளுக்காக நந்திதுர்க்கம் சுரங்கப் பகுதியில் ஆங்கிலத் தொடக்கப் பள்ளி ஒன்றை நிறுவியது. 1904-இல் தார்ப் புனித சூசையப்பர் சபையின் கன்னியர் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுவரை மாணவர்களை அழைத்துச் செல்லும் தரம் இங்கு உருவாயிற்று. கடல் கடந்து வந்த குடும்பத்தின் குழந்தை, எந்த நாட்டிற்கு மாற்றலாகிச் சென்றாலும் படிப்புத் தடைபடாமல் தொடர வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். சர்வதேசப் பள்ளி என்னும் கருத்தின் கருவை இதில் காணலாம்.

அதே 1901-ஆம் ஆண்டில்தான் கொடைக்கானலில், அமெரிக்கச் சமயப் பணியாளர்களின் குழந்தைகளுக்காகப் பின்னர் ஹைகிளர்க் எனப் பெயர் பெற்ற பள்ளி தோன்றியது. அதுவே கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்து, 1976-இல் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக ஏற்றது. 1924-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சர்வதேசப் பள்ளியும், சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திலும் பணியாற்றிய அலுவலர்களின் குழந்தைகளை முன்னிட்டே பிறந்தது. இம்மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: வேலையின் பொருட்டு இடம் பெயர்ந்தவர்களின் குழந்தைகளுக்கு, அவர்கள் மொழியில், அவர்கள் நிலைக்கேற்ற கல்வி.

தங்கவயலில் வேலையின் பொருட்டு இடம் பெயர்ந்தவர்கள் அலுவலர்கள் மட்டும் அல்லர். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தொழிலாளியும் இடம் பெயர்ந்தவரே. அவர் குடும்பம் ‘லைன்’ என வழங்கும் வரிசைக் குடியிருப்பில், மூங்கில் தட்டி அடைத்த ஓரறை வீட்டில் வாழ்ந்தது. தந்தை சுரங்கத்தில் இறங்கிய நேரத்தில் தவழும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, நான்கு வயதுக் குழந்தை எங்கே விளையாடுவது, எந்த மொழியில் எழுத்தறிவது என்பவை நெடுங்காலம் எவருடைய திட்டத்திலும் இடம்பெறவில்லை. தொழிலாளர் பகுதிகளில் தமிழ்ப் பள்ளிகளும் சமயச் சபைகளின் பள்ளிகளும் பின்னர்த் தோன்றின. எனினும் ஒரே ஊரில், ஒரே சுரங்கத்தை நம்பி வாழ்ந்த இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு கதவுகள் என்ற நிலை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது.

தொழிலாளர்க்குக் கல்வியில் நாட்டமில்லை என்று இதற்குக் காரணம் கூறுவது பொருந்தாது. பண்டித அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களுள் மாரிக்குப்பமும் ஒன்று. அவர் 1914-இல் மறைந்த பின்னர், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1920-களில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டவர் ஜி. அப்பாதுரையார். அவருடைய நூல்களைப் பதிப்பித்துக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில்தான் இருந்தது. பகலில் பாறையை உடைத்தவர்கள் வாழ்ந்த ஊர் ஒரு தமிழ் இதழையும் பதிப்பகத்தையும் தாங்கி நின்றது. எழுத்தின்மேல் இருந்த வேட்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழந்தைப் பள்ளி யாருக்காகப் பிறந்தது?

இன்று உயர்ந்த கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகள் பல, ‘மாண்டிசோரி முறை’ என்று விளம்பரம் செய்கின்றன. ஆனால் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தை 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் திறந்த இடம், ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்த குழந்தைகளுக்காகவே அது தோன்றியது. அதற்கும் முன்னர், 1816-இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் ராபர்ட் ஓவன், தம் பஞ்சாலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி அமைத்தார். 1939-இல் இந்தியா வந்த மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கி, அம்முறையை இந்தியக் கதைகளோடும் பாடல்களோடும் இணைத்தார். தாராபாய் மோடக் அதைச் சிற்றூர்களுக்கும் பழங்குடிக் குழந்தைகளுக்கும் கொண்டு சென்றார்.

எனவே குழந்தைப் பள்ளி என்பது செல்வர் வீட்டுக்கென உண்டான ஆடம்பரம் அன்று. வீட்டில் நாள் முழுதும் பெரியவர் துணை இல்லாத உழைப்பாளர் குழந்தைக்காகவே அது முதலில் எழுந்தது. வழியில் எங்கோ அது கைமாறிவிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் திட்டமும் இத்தேவையை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பெண்கள் பணிபுரியும் சுரங்கங்களில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தகுந்த அறைகள் ஒதுக்க விதி செய்ய இடமளித்தது. 1969-இல் டில்லியில், கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் நடமாடும் குழந்தைக் காப்பகங்களைத் தொடங்கினார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடி என்னும் சொல் ஊர்தோறும் பரவியது. ஆயினும் சத்துணவும் தடுப்பூசியும் பெற்ற கவனத்தை, அங்கன்வாடியின் மற்றொரு கடமையாகிய முன்பருவக் கல்வி பெற்றதில்லை.

சுரங்கம் மூடியபின்

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளுடன் சுரங்கப் பணி முடிவுற்றது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை ஈந்த பூமியில், சயனைட் மண்மேடுகளும் வேலையற்ற குடும்பங்களும் எஞ்சின.

இதன்பின் தங்கவயலின் வாழ்க்கை இரயில் அட்டவணையைச் சார்ந்து அமைந்தது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புகின்றனர். காவற்பணி, கடைப்பணி, துப்புரவு, தொழிற்சாலை, அலுவலகம் எனப் பலவகை வேலைகள். பெங்களூரின் சர்வதேசப் பள்ளிகள் நின்று நிலைக்கும் நகரத்தை நாள்தோறும் இயக்குவோருள் இவர்களும் அடங்குவர். தாயும் தந்தையும் ஒரே வண்டியில் புறப்படும் வீட்டில் குழந்தை பாட்டியின் பொறுப்பு. பாட்டி இல்லாத வீட்டில் அண்டை வீட்டாரின் பொறுப்பு. அங்கன்வாடியோ விடிந்து நெடுநேரம் கழித்துத் திறந்து, பெற்றோர் திரும்பப் பல மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். குழந்தையின் மூளை மிக வேகமாக வளரும் ஆறாண்டுகள் இவ்வாறு கழிகின்றன.

பெங்களூரின் அலுவலகங்களில் ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஒரு வேலை, தெரியாதவருக்கு வேறொரு வேலை என்பதைப் பெற்றோர் அன்றாடம் காண்கின்றனர். எனவே தம் குழந்தைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று அவர்கள் விரும்புவது அறியாமையால் அன்று, அனுபவத்தால். வருவாயில் பெரும்பகுதியைக் கொடுத்தும் ‘கான்வென்ட்’ என்றும் ‘இன்டர்நேஷனல்’ என்றும் பெயர் தாங்கிய சிறு பள்ளிகளை அவர்கள் நாடுவதற்கு இதுவே காரணம். ஆங்கிலம் வேண்டுமா என்பதில் ஐயமில்லை. மூன்று வயதில் எதன்மீது நிறுத்தி அதைக் கற்பிப்பது என்பதே கேள்வி.

மொழி பற்றிய உண்மை

எழுத்தறிவு என்பது, காதால் அறிந்த சொல்லைக் கண்ணால் அறிதல். ‘மண்’ என்னும் சொல்லைப் பேச்சில் அறிந்த குழந்தை, அதன் இரண்டு எழுத்துகளை ஒலித்துக் கூட்டியதும் பொருளைக் கண்டுகொண்டு மகிழ்கிறது. பேச்சில் அறியாத மொழியின் சொல்லைக் கூட்டி ஒலித்தாலும் அந்த மகிழ்ச்சி விளைவதில்லை. அது எழுத்தை வரைகிறது, வாசிப்பதில்லை. 1953-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த வாயில் என்று வலியுறுத்தியதும், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை, இயலும் இடங்களில், வீட்டுமொழியில் கற்பிக்கப் பரிந்துரைத்ததும் இக்காரணத்தாலேயே. மெய்யான பன்னாட்டுப் பாடத்திட்டங்களும் இதையே கூறுகின்றன. 1997-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பாக்கலோரியட் தொடக்கநிலைத் திட்டம், குழந்தையின் தாய்மொழியைப் பேணுமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறது. தாய்மொழியை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லும் பள்ளி, எத்தனை பெரிய பலகை மாட்டினாலும் சர்வதேசத் தரத்தை எட்டியதாகாது.

தங்கவயலில் இம்மொழிப் பிரச்சினை எளிதன்று. வீட்டில் தமிழ், அண்டை வீட்டில் தெலுங்கு, கடையிலும் அரசு அலுவலகத்திலும் கன்னடம், வேலைக்கு ஆங்கிலம் என நான்கு மொழிகள் ஒரு குழந்தையைச் சூழ்ந்துள்ளன. 1980-களின் தொடக்கத்தில், கோகாக் குழு அறிக்கையை ஒட்டி எழுந்த கிளர்ச்சியின் கசப்பை இவ்வூர் அறியும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டுமென்று, 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகள்மீது தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயமாகச் சுமத்த இயலாது என்று 2014-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் ஒரு மொழிப் பாடமாக இருக்க வேண்டுமென 2015-இல் கர்நாடகம் சட்டம் இயற்றியது. இவற்றின் விளைவு யாது? பணம் உள்ளவர் மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்; இல்லாதவர் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை ஏற்கிறார்.

எனினும், சுமையெனத் தோன்றும் இப்பன்மொழிச் சூழலே குழந்தைக்குச் செல்வமாகவும் ஆகக்கூடும். தமிழில் ‘மண்’, கன்னடத்தில் ‘மண்ணு’, தெலுங்கில் ‘மன்னு’. ஆசிரியை ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தால் மூன்று மொழிகளின் பாடம் ஒன்றாகவே நடக்கும். தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘பல்’, ‘ஹல்லு’, ‘புலி’, ‘ஹுலி’, ‘பூ’, ‘ஹூ’. சொல்லின் முதலில் நிற்கும் பகரம் ஹகரமாவதை விளையாட்டாகக் கண்டுபிடித்த குழந்தை, ஒரே வாரத்தில் பல கன்னடச் சொற்களுக்கு உரிமையாளர் ஆகிறது. கன்னடர் வீட்டை ‘மனெ’ என்பர். தமிழில் ‘மனை’ உண்டு. தெலுங்கர் ‘இல்லு’ என்பர்; தமிழில் ‘இல்’ உண்டு. ஆகவே ஒரு மொழியை ஊன்றிக் கற்றல் மற்றொரு மொழிக்குத் தடையன்று, படியே. முதலில் வீட்டுமொழியின் எழுத்து, அது கைவந்தபின் மாநில மொழியின் எழுத்து. ஆங்கிலமோ முதலில் பாட்டாகவும் பேச்சாகவும், பின்னர் எழுத்தாகவும். இந்த ஒழுங்கு காக்கப்பட்டால் நான்கு மொழிகளும் குழந்தையை அச்சுறுத்த மாட்டா.

செய்ய வேண்டியவை

இதற்குப் புதிய மாளிகைகள் தேவையில்லை. உள்ள ஏற்பாடுகளைத் தக்கவாறு இணைத்தாலே பெரும்பயன் விளையும்.

முதலாவது, நேரம். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியுடன் குழந்தைக் காப்பகத்தை இணைக்க வழி செய்கிறது. கர்நாடக அரசு 2023-இல் அறிவித்த ‘கூசின மனெ’ காப்பகங்கள் கிராமப் பஞ்சாயத்துகளைச் சார்ந்தவை, தங்கவயலோ நகராட்சி. கிராமத்துக்கும் பெருநகரத்துக்கும் இடையே விடுபட்டு நிற்கும் இத்தகைய தொழில் நகரங்களில், இரயில் புறப்படும் நேரத்தை ஒட்டித் திறந்து, திரும்பும் நேரத்தை ஒட்டி மூடும் காப்பகங்களை அமைத்தல் முதற்கடமை.

இரண்டாவது, ஆசிரியை. லைன்களில் பிறந்து வளர்ந்த பெண்களுள் பலர் இரண்டு மூன்று மொழிகளை இயல்பாகப் பேசுகின்றனர். பெருநகரப் பள்ளி பெரும் ஊதியம் கொடுத்துத் தேடும் பன்மொழித் திறன் இங்குத் தெருவிலேயே உள்ளது. அவர்களுக்கு முன்பருவக் கல்வியில் முறையான பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் அளித்தால், அங்கன்வாடியின் தரம் உயரும்.

மூன்றாவது, பாடம். மூன்று முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே கட்டமாகக் கொள்ள வேண்டுமென, 2022-இல் வெளியான அடிப்படைநிலைக் கலைத்திட்டம் வகுத்துள்ளது. அங்கன்வாடியும் அருகிலுள்ள தொடக்கப் பள்ளியும் தனித்தனியே இயங்காமல் இந்த ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். தமிழ், தெலுங்கு, உருது பேசும் குழந்தைகளுக்கு அம்மொழிகளில் கதைப் புத்தகங்களும், அவற்றுக்கு இணையான கன்னடப் புத்தகங்களும் அங்கே இருத்தல் வேண்டும்.

நான்காவது, கதவு. நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஒதுக்கக் கல்வி உரிமைச் சட்டம் வகை செய்தது. அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இவ்விடம் இல்லை என்று கர்நாடகம் பின்னர் விதியைத் திருத்தியது. அப்படியானால் அந்த அருகிலுள்ள பள்ளி, எந்தப் பெற்றோரும் விரும்பிச் சேர்க்கும் பள்ளியாக இருக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருமடங்காகிறது. அங்கன்வாடிகள் சிலவற்றை ‘அரசு மாண்டிசோரி’ எனத் தரம் உயர்த்தும் பணி 2024-இல் பெங்களூரில் தொடங்கியது. பெயரோடு கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியைகளும் வந்து சேர்ந்தால், சான் லொரென்சோவில் தொழிலாளர் குழந்தைக்காகப் பிறந்த கல்வி உரியவரிடமே திரும்புகிறது எனலாம்.

குழந்தைப் பள்ளிக்குச் ‘சர்வதேசம்’ என்னும் சொல் பொருந்த மூன்று தகுதிகள் வேண்டும். எந்த வீட்டுக் குழந்தையும் உள்ளே வரத் திறந்த கதவு இருத்தல். வீட்டுமொழியைப் பேசும் குழந்தை அதற்காக வெட்கப்படாதிருத்தல். பிற மொழியினரின் குழந்தையோடு ஒரே மணலில் விளையாடக் கற்றல். 1901-ஆம் ஆண்டின் தங்கவயல் பள்ளியில் தரம் இருந்தது, கதவு திறந்திருக்கவில்லை. இன்றைய லைன்களில் மொழிகளும் கூடி விளையாடும் குழந்தைகளும் உண்டு. தரம் போய்ச் சேரவில்லை. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவது தங்கவயலுக்கு மட்டும் உரிய கடமையன்று. ஆலை மூடிய ஊர், சுரங்கம் வற்றிய ஊர், பெருநகரத்தின் வண்டியை எதிர்நோக்கும் ஊர் ஒவ்வொன்றிலும் ஆற்ற வேண்டிய பணி அது.